பார்க்காமலே பாட்டை மாற்ற: பழைய ஐபாட் வாங்குகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பாட்டு கேட்பதற்கென்று ஆப்பிள் செய்த சின்ன பிளேயரான ஐபாடில் பழையது ஒன்று வாங்கும் எண்ணத்தில் இருக்கிறீர்களா? தாராளமாக வாங்குங்கள். ஆனால் எத்தனை ஜிபி, என்ன கலர், கீறல் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்னால், அதை இயக்கக் கண் வேண்டுமா, விரல் மட்டும் போதுமா என்று பாருங்கள். பாட்டு கேட்கப் போன் இருக்கும்போது தனியாக ஒரு பிளேயர் எதற்கு என்று யாராவது கேட்டால் என் பதில் இதுதான்: பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, இன்னொரு கையைப் பாக்கெட்டுக்குள் விட்டு அடுத்த பாட்டுக்குப் போக முடிய வேண்டும். திரையைப் பார்த்துத்தான் போக முடியும் என்றால் போனே போதும், காசைச் செலவழிக்க வேண்டாம்.

இதில் சிக்கல் என்னவென்றால், திரையே இல்லாத ஐபாட் ஷஃபிள், சின்னத் திரை உள்ள ஐபாட் நானோ என்று பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே வரும் பொருள் ஒன்றல்ல. ஆப்பிள் ஷஃபிளில் ஒரு முறையும் நானோவில் ஒரு முறையும் பாட்டை மாற்றும் பட்டன்களை எடுத்துவிட்டு, ஆட்கள் குறை சொன்ன பிறகு அடுத்த மாடலில் திரும்ப வைத்தது. இந்த இரண்டும் 2017 ஜூலையோடு விற்பனையிலிருந்து போய்விட்டன, கடைசியாக மிஞ்சியிருந்த ஐபாட் டச்சும் 2022 மே மாதத்தோடு முடிந்தது. ஆக, இன்று கிடைப்பது பெரும்பாலும் செகண்ட் ஹேண்ட். விற்பவர் "ஷஃபிள் இருக்கு" என்று மட்டும் சொன்னால் போதாது, எந்தத் தலைமுறை என்று கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் போட்டோ அனுப்பச் சொல்லுங்கள்.

போட்டோவில் அடையாளம் காண்பது சுலபம். வெள்ளையாக நீளக் குச்சி போல இருந்து, முகத்தில் வட்டப் பட்டன் இருந்தால் அது 2005-இல் வந்த முதல் ஷஃபிள். படுத்த செவ்வகமாக, வலப்பக்கம் வட்டமும் பின்னால் கிளிப்பும் இருந்தால் இரண்டாவது, 2006. கிட்டத்தட்ட சதுரமாக, முகம் முழுக்க வட்டம் இருந்தால் நான்காவது, 2010. முகத்தில் ஒன்றுமே இல்லாமல் மொழுமொழுவென்று ஒரு சின்னத் தகடு மட்டும் இருந்தால் அதுதான் மூன்றாவது, 2009 மார்ச்சில் வந்தது. பெரும் சலசலப்பைக் கிளப்பியது இதுதான்.

அந்த மூன்றாவது ஷஃபிளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பார்க்க மிக அழகானது, விற்பனைப் படங்களில் உடனே மனத்தைப் பறிக்கும். உயரம் 45.2 மில்லிமீட்டர், அகலம் 17.5, 4 ஜிபி, அமெரிக்காவில் 79 டாலர். மேலே ஒரே ஒரு சுவிட்ச்: அணைக்க, வரிசையாகப் பாட, கலைத்துப் போட்டுப் பாட. மற்ற எல்லாக் கட்டுப்பாடும் இயர்போனின் வலப்பக்க ஒயரில், தாடைக்குக் கீழே தொங்கும் ஒரு சின்ன பிளாஸ்டிக் பட்டையில் இருக்கும். மேல் முனையை அழுத்தினால் ஒலி கூடும், கீழ் முனையை அழுத்தினால் குறையும், மற்ற எல்லாவற்றுக்கும் நடுப்பகுதிதான். அப்போது எழுந்த புகார்களில் பாதி 'இத்தனை அழுத்தையும் யார் ஞாபகம் வைத்துக்கொள்வது' என்பது. அது எனக்குப் பெரிய குறையாகத் தோன்றவில்லை, அந்தத் தாளம் விரலுக்குச் சீக்கிரமே பழகிவிடும். மீதிப் பாதி நியாயமான புகார்: உங்கள் பிடித்தமான ஹெட்போனைச் செருகினால் பாட்டு ஓடும், ஆனால் சுவிட்சை அணைத்தால் ஒழிய நிறுத்தவும் முடியாது, ஒலியைக் கூட்டவும் முடியாது. இயர்போன் ஒயர் அறுந்தால் பிளேயரும் போன மாதிரிதான். ரிமோட் உள்ள ஆப்பிள் இயர்போன் மறுபடி வாங்க 29 டாலர், காதுக்குள் செல்லும் நல்ல ரகம் வேண்டுமென்றால் 79 டாலர், அதாவது பிளேயரின் முழு விலை. ஓடும்போது வியர்வை பட்டு ரிமோட் தானாக ஒலியைக் கூட்டிக் குறைத்தது என்றும் பலர் சொன்னார்கள். உடற்பயிற்சிக்கென்றே பெரும்பாலோர் வாங்கிய பொருளில் இது சாதாரணக் குறை இல்லை.

சரி, அப்படியும் இதைத்தான் வாங்கினேன், அல்லது வீட்டு அலமாரியில் கிடைத்தது என்றால் இயக்குவது இப்படி. நடுவில் ஒரு அழுத்து: பாட்டு நிற்கும், இன்னொரு அழுத்து, தொடரும். சட்சட்டென்று இரண்டு அழுத்து: அடுத்த பாட்டு. மூன்று அழுத்து: பாட்டு தொடங்கி 6 விநாடிக்குள் என்றால் முந்தைய பாட்டுக்குப் போகும், அதற்கு மேல் என்றால் இதே பாட்டின் ஆரம்பத்துக்குப் போகும். பலர் 'பின்னால் போகவே மாட்டேன் என்கிறது' என்று குழம்புவது இந்த 6 விநாடிக் கணக்கு தெரியாததால்தான். முந்தைய பாட்டு வேண்டுமென்றால் மூன்று அழுத்து அழுத்தி, ஆரம்பம் வந்ததும் உடனே இன்னொரு மூன்று. இரண்டாவது அழுத்தில் விரலை எடுக்காமல் பிடித்தால் பாட்டு வேகமாக முன்னே ஓடும், மூன்றாவதில் பிடித்தால் பின்னே ஓடும். ஒரே அழுத்தாகப் பிடித்துக்கொண்டால் பாட்டின் பெயரையும் பாடியவர் பெயரையும் அதுவே வாயால் சொல்லும். அதற்கு மேலும் பிடித்தால் ஒரு 'டிங்' கேட்கும், அப்போது விடுங்கள், பிளேலிஸ்ட் பெயர்களை வரிசையாக வாசிக்கும், வேண்டியது வந்ததும் ஒரு அழுத்து. பட்டியல் நீளமாக இருந்தால் ஒலி முனைகளை அழுத்தி வேகமாகத் தாண்டலாம்.

பழகும்போது ஒன்று செய்யுங்கள்: முதலில் உட்கார்ந்த இடத்தில், கண்ணை மூடி, இரண்டு அழுத்தை மட்டும் பழகுங்கள். அது கைக்கு வந்த பிறகே மூன்று. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் முயன்றால் இரண்டும் மூன்றும் கலந்து எரிச்சல்தான் மிஞ்சும். அழுத்துகளுக்கு இடையில் ஒரு சீரான வேகம் வேண்டும், நடக்கும்போது அந்த வேகம் குலையும், அதனால் நடந்துகொண்டே பழகத் தொடங்காதீர்கள். நடுவில் சிக்கிக்கொண்டு எதற்கும் அசையாமல் நின்றால், மேல் சுவிட்சை அணைத்துப் பத்து விநாடி விட்டு மறுபடி போடுங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும்.

ரிமோட் இயர்போன் கெட்டிருந்தால் 3.5 மில்லிமீட்டர் பின் உள்ள ஆப்பிள் இயர்பாட்ஸ் வாங்குங்கள். மூன்றாவது தலைமுறையிலிருந்து எல்லா ஷஃபிளிலும் அதன் ரிமோட் வேலை செய்யும். லைட்னிங், யூஎஸ்பி-சி முனை உள்ளவை இதில் செருகவே முடியாது, ஆர்டர் போடும்போது கவனியுங்கள். ஆண்ட்ராய்டு போனுக்கென்று செய்த இயர்போனும் உதவாது, அதன் ஒலிப் பட்டன்களை ஆப்பிள் கருவிகள் புரிந்துகொள்ளாது. ஆப்பிள் ரிமோட்டுக்குள் ஒரு சிறு சிப் இருக்கிறது. 2009-இல் அது பாட்டைப் பூட்டி வைக்கும் சதி என்றுகூடப் பேச்சு கிளம்பியது. பாட்டைப் பூட்டும் வேலை எதையும் அது செய்யவில்லை, கட்டளைகளைக் கடத்துவது மட்டும்தான் அதன் வேலை. ஆனால் மற்ற கம்பெனிக்காரர்கள் அதற்கு ஏற்ற இயர்போன் செய்ய ஆப்பிளிடம் அனுமதி வாங்க வேண்டியிருந்தது, கோபத்துக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

2010 செப்டம்பரில் நான்காவது ஷஃபிளை மேடையில் காட்டும்போது, பட்டன்கள் இல்லாததை ஆட்கள் உணர்ந்தார்கள் என்று ஸ்டீவ் ஜாப்ஸே ஒப்புக்கொண்டார். விலையும் 49 டாலருக்கு இறங்கியது, இடம் மட்டும் 2 ஜிபி. என்னைக் கேட்டால் வாங்க வேண்டிய ஷஃபிள் இதுதான், வேறு பேச்சே இல்லை. வட்டத்தின் மேலே கூட்டல், கீழே கழித்தல், வலப்பக்கம் அடுத்தது, இடப்பக்கம் முந்தையது, நடுவில் நிறுத்த-பாட. சட்டைத் துணிக்கு மேலாகத் தடவினாலே எது எங்கே என்று கட்டைவிரலுக்குத் தெரிந்துவிடும். மூன்றாவதில் வந்த பேசும் வசதியையும் இதில் விடாமல் வைத்திருக்கிறார்கள், அதற்கென்று தலையில் தனிப் பட்டன்: ஒரு அழுத்து அழுத்தினால் பாட்டின் பெயர், சட்டென்று இரண்டு என்றால் பேட்டரி எவ்வளவு இருக்கிறது என்ற தகவல், பிடித்துக்கொண்டால் பிளேலிஸ்ட் பட்டியல். கூட்ட நெரிசலில் பட்டன்கள் தானாக அழுங்காமல் இருக்க, நடுப்பட்டனை ஆரஞ்சு விளக்கு மூன்று முறை மின்னும் வரை பிடியுங்கள், பூட்டிக்கொள்ளும். அதே மாதிரி மறுபடி பிடித்தால் பச்சை மின்னித் திறக்கும். இது தெரியாமல் 'பட்டன் வேலை செய்யவில்லை' என்று சல்லிசாக விற்கிறவர்கள் இருக்கலாம், அதனால் அப்படி விளம்பரம் கண்டால் முதலில் இதை முயன்று பாருங்கள்.

நானோவுக்கு வருவோம். அதே 2010 செப்டம்பரில், ஷஃபிளுக்குப் பட்டனைத் திருப்பிக் கொடுத்த அதே மேடையில், நானோவின் கிளிக் வீலை, அதாவது விரலால் சுற்றியும் அழுத்தியும் இயக்கும் வட்டத்தை, எடுத்துவிட்டார்கள். ஆறாவது நானோ: 1.54 அங்குல சதுரத் தொடுதிரை, பின்னால் கிளிப், முந்தைய மாடலில் இருந்த வீடியோ கேமராவும் போச்சு. கடிகாரப் பட்டை மாட்டிக் கையில் கட்டிக்கொண்டவர்களுக்கு அது கொண்டாட்டம். பாட்டு கேட்கிறவர்களுக்கு? ஒலியைக் கூட்டக் குறைக்க மட்டும் தலையில் பட்டன்கள், மற்றபடி திரையை எழுப்பு, பார், தொடு. 2011-இல் வந்த மென்பொருள் புதுப்பிப்பில் திரையை அணைக்கும் பட்டனை இரண்டு முறை அழுத்தினால் பாட்டு நிற்கவோ அடுத்ததற்குத் தாண்டவோ செய்யும்படி வைத்துக்கொள்ள வசதி வந்தது. ஆறாவது நானோ வாங்கினால் முதல் வேலையாக கம்ப்யூட்டரில் ஐடியூன்ஸ் என்ற ஆப்பிள் மென்பொருளோடு இணைத்து அதைப் புதுப்பித்து, அமைப்புகளுக்குள் போய் இதை 'அடுத்த பாட்டு' என்று மாற்றிவிடுங்கள். ஏழாவது நானோவில், 2012-இல், இடப்பக்க ஓரத்தில் ஒலிப் பட்டன்களுக்கு நடுவே ஒரு நிஜமான நிறுத்த-பாடப் பட்டன் வந்துவிட்டது, இரண்டு அழுத்து அடுத்தது, மூன்று அழுத்து முந்தையது. ப்ளூடூத்தும் உண்டு. நானோ வேண்டுமென்றால் ஏழாவதையோ அல்லது கிளிக் வீல் உள்ள பழையதையோ எடுங்கள். முதல் நானோவை மட்டும் தவிருங்கள்: அதன் பேட்டரி அதிகமாகச் சூடாகும் ஆபத்து இருப்பதாக ஆப்பிளே 2011 நவம்பரில் அறிவித்துத் திரும்பப் பெற்றது.

மூன்றாவது ஷஃபிளில் எல்லாரும் திட்டிய அதே ரிமோட்டை ஆறாவது நானோவில் செருகிப் பாருங்கள், அந்தப் பிளேயரின் பெரிய குறை தீர்ந்துவிடும். நான்காவது தலைமுறையிலிருந்து நானோக்களிலும், 2008-க்குப் பிந்தைய ஐபாட் கிளாசிக்கிலும் அது வேலை செய்யும். ஏர்பாட்ஸ் காம்பை இன்று அழுத்தும்போதும் அதே ஒன்று, இரண்டு, மூன்று கணக்குதான். கூடுதல் வழியாக இருந்தால் அது அருமையான கண்டுபிடிப்பு. வேறு வழியே இல்லை என்று கையில் திணித்ததுதான் தவறு.

வீல் உள்ள ஐபாட் வாங்குகிறீர்கள் என்றால் ஒரு எச்சரிக்கை. 2003-இல் வந்த மூன்றாவது ஐபாடில் வீலுக்கு மேலே நான்கு தொடுபட்டன்கள் வரிசையாக இருக்கும், விளக்கெரிந்து அழகாகத் தெரியும். ஆனால் அழுங்காத பட்டன்கள் அவை, தடவித் தேடும்போதே இயங்கிவிடும். 2004-இல் முதலில் ஐபாட் மினியிலும், பிறகு நான்காவது ஐபாடிலும் அந்தப் பட்டன்களை வீலுக்குள்ளேயே அழுத்துகிற மாதிரி கொண்டுவந்த பிறகு அந்தக் குறை தீர்ந்தது, விரல் தேடாமலே கண்டுபிடிக்க முடிந்தது.

நேரில் வாங்கப் போகும்போது உங்கள் இயர்போனை எடுத்துப் போங்கள். பிளேயரைப் பாக்கெட்டுக்குள் போட்டு, வெளியே எடுக்காமல் அடுத்த பாட்டு, முந்தைய பாட்டு, நிறுத்து, ஒலி குறை என்று நான்கையும் செய்து பாருங்கள். வீலின் நான்கு திசையும் ஒரே அழுத்தத்தில் 'கிளிக்' என்கிறதா, ஒலி ஒரு பக்கக் காதில் மட்டும் வருகிறதா என்பது அப்போதே தெரியும். மூன்றாவது, நான்காவது ஷஃபிள் என்றால் கூடவே கேபிள் இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். இயர்போன் துளையிலேயே செருகிச் சார்ஜ் ஏற்றும் தனி ரகக் கேபிள் அது, போன் சார்ஜர் ஆகாது. அதனால் சார்ஜ் ஏறும்போது பாட்டு கேட்கவும் முடியாது.

கடைசியாக, தமிழ்ப் பாட்டு ஏற்றுகிறவர்களுக்கு. மூன்றாவது ஷஃபிள் வந்தபோது 14 மொழிகளில் பேசியது, தமிழ் அதில் கிடையாது. அந்தக் குரல் பிளேயருக்குள் உருவாவதில்லை, கம்ப்யூட்டரில் பாட்டு ஏற்றும்போதே ஐடியூன்ஸ் தயாரித்து அனுப்புகிறது. ஆகவே ஏற்றுவதற்கு முன் பாட்டின் பெயரையும் பாடியவர் பெயரையும் ஆங்கில எழுத்தில், உச்சரிப்பு கெடாதபடி மாற்றிக்கொள்ளுங்கள். டவுன்லோட் தளங்களின் பெயர் ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் அதையும் அழித்துவிடுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு பாட்டுக்கும் அந்தத் தளத்தின் முகவரியைத்தான் முழுசாக வாசித்துக்கொண்டிருக்கும். பிளேலிஸ்ட் பெயர்களை ஒரே சொல்லில், முதல் அசையிலேயே வித்தியாசம் தெரிகிற மாதிரி வையுங்கள்: 'ராஜா', 'மெலடி', 'பக்தி', 'கானா'. எல்லாப் பட்டியலும் 'சாங்ஸ்' என்று தொடங்கினால், வேண்டியது எது என்று தெரிய ஒவ்வொரு பெயரையும் கடைசி வரை கேட்க வேண்டியிருக்கும்.