ஊரிலிருந்து சென்னைக்கு வேலைக்கு வருகிறீர்களா? கணக்கில் இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

ஊரில் 9,000 ரூபாய் வாங்குபவர், அம்பத்தூர் கம்பெனியில் 15,000 என்றதும் மாதம் 6,000 மிஞ்சும் என்று பஸ் ஏறிவிடுகிறார். முதல் தவறு அதுதான். முழுத் தொகைக்கும் பி.எஃப். பிடித்தால் 1,800 போகும், இ.எஸ்.ஐ. என்ற மருத்துவக் காப்பீட்டுக்கு 113. கைக்கு வருவது 13,087. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தொழில்வரி 1,250 பிடிக்கும் மாதத்தில் இன்னும் குறையும். கேன்டீனுக்கும் கம்பெனி பஸ்ஸுக்கும் பிடித்தம் உண்டா என்று சேருவதற்கு முன்பே கேளுங்கள்.

அடுத்தது வீட்டு அட்வான்ஸ். மூன்று பேர் சேர்ந்து 9,000 வாடகைக்கு வீடு பிடித்து, பத்து மாத அட்வான்ஸ் கொடுத்தால் தலைக்கு 30,000. தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் சொல்வது மூன்று மாத வாடகைதான். ஆனால் ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொண்டால் அதுதான் செல்லும். எனவே கையெழுத்துக்கு முன்பே பேசிக் குறையுங்கள். படியாவிட்டால் முதல் சில மாதம் ஹாஸ்டலில் இருங்கள்.

இந்த அட்வான்ஸுக்காகத் தண்டல், அதாவது தினத் தவணைக் கடன், வாங்குவதுதான் மிகப் பெரிய தவறு. 10,000 என்று எழுதி 8,500 கையில் தருவார்கள். தினம் 100 வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். "வட்டி 1,500தானே" என்று தோன்றும். ஆனால் அசல் தினமும் குறைந்துகொண்டே வருகிறது. ஐம்பதாம் நாளில் உங்களிடம் இருப்பது கிட்டத்தட்ட பாதிக் கடன்தான். அப்படிக் கணக்கிட்டால் வட்டி ஆண்டுக்குச் சுமார் 120 சதவீதம். ஊரில் பத்து வட்டி (மாதம் நூற்றுக்குப் பத்து ரூபாய்) என்று பயந்து ஒதுங்குகிறோமே, அதேதான் இது. வீட்டில் நகை இருந்தால் வங்கியில் அடகு வையுங்கள்; வட்டி இதில் சிறு பங்குதான் வரும். தினத் தவணை இருக்கும்வரை ஒரு நாள் சம்பளத்தை விட்டு இன்டர்வியூவுக்குப் போகக்கூட மனம் துணியாது. குறைந்த கூலியிலேயே ஆளைக் கட்டிப்போடுவது இந்தக் கடன்தான்.

வேலை மாறும்போது பி.எஃப். பணத்தை எடுத்துவிடாதீர்கள். அதே யு.ஏ.என். எண்ணில் (கம்பெனி மாறினாலும் மாறாத உங்கள் பி.எஃப். எண்) புதிய கம்பெனிக்கு மாற்றுங்கள். மாத ஓய்வூதியத்துக்குப் பத்து ஆண்டு சேவை வேண்டும். பென்ஷன் பங்கையும் சேர்த்து எடுத்தால் அந்தக் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

கிடைக்கும் ஓ.டி. (கூடுதல் நேர வேலை) எல்லாவற்றையும் பார்ப்பதும் தவறு என்றால் பலருக்குக் கோபம் வரும். சட்டப்படி ஓ.டி.க்கு இரட்டிப்புக் கூலி. கடன் அடைக்க அது உதவும். கடன் தீர்ந்ததும் வாரம் இரண்டு நாளாவது ஓ.டி.யை விட்டுவிட்டு, அந்த நேரத்தில் தொழில் கற்றுக்கொள்ளுங்கள். கணினி வழி இயங்கும் சி.என்.சி. மெஷினில் ஜாப் (செதுக்க வேண்டிய உலோகத் துண்டு) மாட்டிக் கழற்றுவது மட்டும் தெரிந்தவர் ஆபரேட்டராகவே நின்றுவிடுவார். டூல் மாற்றி, மைக்ரோமீட்டரில் அளந்து, விட்டம் 0.02 மி.மீ. கூடுதலாக வந்தால் எந்த ஆஃப்செட்டில் (டூலின் நிலையைத் திருத்த மெஷினில் தட்டும் எண்) எவ்வளவு குறைப்பது என்று அறிந்தவர்தான் செட்டர். சம்பளம் உயர்வது அங்கேதான். ஷிஃப்ட் முடிந்ததும் செட்டர் பக்கத்தில் அரை மணி நேரம் நின்று, அவர் தட்டும் எண்களை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.