ஆசிட் பம்ப் மாற்றிய கதை

சேலம் இரும்பாலை ரோட்டுப் பக்கம் எங்கள் பட்டறை. கம்பியில் துரு எடுக்க ஹைட்ரோகுளோரிக் ஆசிட் தொட்டி உண்டு. துருப்பிடிக்காத இரும்புதானே என்று நம்பி 316 ரக எவர்சில்வர் பம்ப் வாங்கினேன். ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. ஷாஃப்ட் சீல் (சுழலும் தண்டின் வழியே கசியாமல் தடுக்கும் அடைப்பு) பக்கம் பச்சையும் மஞ்சளுமாகச் சொட்டியது. கழற்றிப் பார்த்தால் உள்ளே சுழன்று ஆசிட்டைத் தள்ளும் இம்பெல்லரின் விளிம்பு கரையான் அரித்த பலகை போல இருந்தது. 316-ஐக் காப்பாற்றும் மேல்படலத்தைக் குளோரைடு தின்றுவிடும் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

கழற்றும்போது பையன் கையில் ஆசிட் தெறித்துவிட்டது. உடனே குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் பிடித்தோம். இன்றும் அதை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது.

இப்போது இருப்பது பாலிபுரோப்பிலீன் பிளாஸ்டிக் உடல் கொண்ட மேக்னட் டிரைவ் பம்ப். காந்தமே இம்பெல்லரைச் சுழற்றுவதால் ஷாஃப்ட் சீலே கிடையாது. மூட்டுகளை அடைக்கும் ஓ-ரிங், வைட்டான் என்ற ரப்பர். 30 சதவீத ஆசிட் தண்ணீரைவிடச் சுமார் 15 சதவீதம் கனம், அதனால் மோட்டாரை ஒரு படி பெரிதாக எடுத்தேன். இந்தப் பம்ப் மட்டும் உள்ளே ஆசிட் இல்லாமல் காய்ந்து ஓடவே கூடாது. உள்ளே பேரிங்கைக் குளிர்விப்பது அந்த ஆசிட்தான். அதனால் தொட்டியில் ஆசிட் குறைந்தால் பம்பை நிறுத்தும் லெவல் சுவிட்ச் மாட்டிவிட்டேன். அடர் கந்தக அமிலத்துக்கு இதே பம்பைப் போட்டுவிடாதீர்கள், பாலிபுரோப்பிலீன் அதற்குத் தாங்காது.