ஆங்கில ஸ்பெல்லிங்கைப் பொருளோடும் பிறப்போடும் கற்பிப்பது எப்படி?

தமிழில் எழுதிய எழுத்துகள் எல்லாம் ஒலிக்கும் என்று பழகிய பிள்ளைக்கு, கத்தியைக் குறிக்கும் ‘நைஃப்’ என்ற சொல் ‘கே’ எழுத்தில் தொடங்குவது வேண்டுமென்றே செய்த குறும்பாகத் தோன்றும். அந்தக் ‘கே’ ஏன் அங்கே நிற்கிறது என்று சொல்லிக்கொடுத்தால், ஒப்பிக்க வேண்டிய எழுத்துவரிசை பெருமளவு குறைந்துவிடும். ஆறு முதல் எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு ஏற்ற முறையைக் கீழே படிப்படியாகத் தருகிறேன்.

படி 1: சொற்களைத் தேர்ந்தெடுத்தல்

ஒரு தடவைக்கு ஐந்தாறு சொற்கள் போதும். பழங்கள், விலங்குகள் என்று பொருள்வாரியாகத் தொகுக்கும் பட்டியல்கள் பார்வைக்கு அழகாக இருந்தாலும் எழுத்துக்கூட்டலுக்கு உதவுவதில்லை. ஒரே எழுத்துச் சேர்க்கை வரும் சொற்களைத் தொகுத்துக்கொள்ளுங்கள். எடுத்துக்காட்டாக, முழங்காலைக் குறிக்கும் ‘நீ’, முடிச்சைக் குறிக்கும் ‘நாட்’, தட்டுவதைக் குறிக்கும் ‘நாக்’, அறிவதைக் குறிக்கும் ‘நோ’ ஆகிய நான்கும் ‘நைஃப்’ போலவே ‘கே, என்’ என்று தொடங்குகின்றன.

படி 2: ஒலியைக் காதால் பழக்குதல்

சொல்லைத் தெளிவாக உச்சரித்துக் காட்டி, பிள்ளையையும் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். ஆங்கிலச் சொல்லுக்குக் கீழே உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் எழுதிவைக்கும் பழக்கத்தை மட்டும் தொடக்கத்திலேயே விட்டுவிடுவது நல்லது. நோட்டில் ‘பெட்’ என்று எழுதியிருந்தால் அது படுக்கையா, செல்லப்பிராணியா, பந்தயமா என்று எப்படித் தெரியும்? ஆங்கிலத்தில் அம்மூன்றும் வெவ்வேறு ஒலியும் வெவ்வேறு ஸ்பெல்லிங்கும் உடையவை. தமிழ் எழுத்தில் எழுதியவுடன் அந்த வேறுபாடு மறைந்துபோகிறது.

படி 3: பொருளைச் சொல்லுதல்

பொருளைத் தமிழில் ஒரே சொல்லில் சொல்லி, ஒரு சிறு வாக்கியத்தில் பயன்படுத்திக் காட்டினால் போதுமானது.

படி 4: பிறப்பைக் கதையாகச் சொல்லுதல்

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். முற்காலத்தில் ஆங்கிலேயர்கள் ‘நைஃப்’ போன்ற சொற்களின் தொடக்கத்தில் ‘க்ன’ என்ற ஒலியை முழுமையாகவே உச்சரித்தார்கள். ஏறத்தாழ 17ஆம் நூற்றாண்டில்தான் அந்தக் ‘க’ ஒலி தேய்ந்து மறைந்தது. ஆனால் 1476இல் வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் அமைத்த பின்னர், அச்சு நூல்கள் பெருகப் பெருக எழுத்துக்கூட்டல் மெல்ல நிலைபெற்று வந்ததால், வாயிலிருந்து மறைந்த ஒலி தாளில் தங்கிவிட்டது. ஜெர்மானியர்கள் முழங்காலை இன்றும் ‘க்னீ’ என்றே சொல்கிறார்கள். இதைச் சொல்லிவிட்டு, ஐந்து சொற்களையும் ‘க’ ஒலியோடு உரக்கச் சொல்லச் சொல்லுங்கள். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே செய்வார்கள், ‘கே’ எழுத்தும் மனத்தில் பதிந்துவிடும்.

இரவைக் குறிக்கும் ‘நைட்’, ஒளியைக் குறிக்கும் ‘லைட்’ ஆகியவற்றின் நடுவில் வரும் ‘ஜி, எச்’ சேர்க்கைக்கும் இதே கதைதான். ஜெர்மன் மொழியின் ‘நஹ்ட்’, ‘லிஹ்ட்’ ஆகியவற்றில் உள்ளதைப் போன்ற உரசொலி முன்பு அங்கே இருந்தது.

‘டூ’ என்ற எண்ணில் ஒலிக்காத ‘டபிள்யூ’வுக்கு உறவினர்களைக் காட்டுங்கள். இரட்டையரைக் குறிக்கும் ‘ட்வின்’, பன்னிரண்டைக் குறிக்கும் ‘ட்வெல்வ்’, இருமுறையைக் குறிக்கும் ‘ட்வைஸ்’ ஆகியவற்றில் அதே எழுத்து இன்றும் ஒலிக்கிறது.

‘ஃபோன்’, ‘ஃபோட்டோ’ என்பவற்றில் ‘எஃப்’ இல்லாமல் ‘பி, எச்’ வருவது கிரேக்க வழிவந்ததன் அடையாளம். கிரேக்கத்தில் முன்னதன் வேர் குரலையும், பின்னதன் வேர் ஒளியையும் குறிக்கும். ‘ஸ்கூல்’ என்பதில் வரும் ‘சி, எச்’ சேர்க்கையும் கிரேக்க வழியாக வந்ததே. அதன் மூலச்சொல்லுக்கு ஓய்வு என்று பொருள் என்பதைப் பிள்ளைகள் எளிதில் நம்ப மாட்டார்கள்.

சில எழுத்துகள் தவறான எண்ணத்தால் நுழைந்தவை. தீவைக் குறிக்கும் ‘ஐலண்ட்’ பழைய ஆங்கிலச் சொல். அதில் ‘எஸ்’ கிடையாது. தீவையே குறிக்கும், ‘எஸ்’ எழுத்துள்ள, பிரெஞ்சு வழிவந்த ‘ஐல்’ என்ற சொல்லோடு அதற்கு உறவு உண்டு என்று கருதி, பிற்காலத்தவர் அந்த எழுத்தைச் செருகிவிட்டார்கள்.

எல்லாச் சொற்களுக்கும் இப்படிக் கதை தேட வேண்டியதில்லை. ‘பிக்’, ‘ரன்’ போன்றவை ஒலித்தபடியே எழுதப்படுபவை. கதை சுவையாக இருக்கிறது என்பதற்காகப் புனைந்தும் சொல்லக்கூடாது. வண்ணத்துப்பூச்சியைக் குறிக்கும் ‘பட்டர்ஃப்ளை’, ‘ஃப்ளட்டர் பை’ என்பதிலிருந்து பிறந்தது என்று பலரும் பகிர்கிறார்கள். அது தவறு, ஏனெனில் பழைய ஆங்கிலத்திலேயே அச்சொல் ‘பட்டர்’ என்னும் பகுதியோடுதான் இருந்தது. ஐயம் எழும்போது சொற்பிறப்பு தரும் அகராதி ஒன்றைப் புரட்டிவிடுங்கள்.

படி 5: மூடிவைத்து எழுதுதல்

பிள்ளை சொல்லை உற்றுப் பார்க்கட்டும். பிறகு அதை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதி, திறந்து ஒப்பிட்டுப் பார்க்கட்டும். பிழை இருந்தால் முழுச் சொல்லையும் சிவப்பு மையில் அடிக்க வேண்டாம். ‘நைஃப்’ என்ற சொல்லை ‘கே’ இல்லாமல் எழுதியிருந்தால், மற்ற நான்கு எழுத்துகளும் சரி என்று முதலில் சொல்லிவிட்டு, விடுபட்ட இடத்தை மட்டும் வட்டமிட்டு, அந்த எழுத்தின் கதையைப் பிள்ளையையே சொல்லச் சொல்லுங்கள். இரண்டு நாள் கழித்து ஒருமுறையும், ஒரு வாரம் கழித்து மறுமுறையும் அதே சொற்களை வரிசை மாற்றிச் சொல்லி எழுதவையுங்கள். அப்போதும் தடுமாறும் சொல்லை அடுத்த தொகுப்போடு சேர்த்துக்கொள்ளலாம்.