பூங்கா கேட்டு மனு எழுதும் முன்

கிராமசபையில் 'எங்கள் ஊருக்குப் பூங்கா வேண்டும்' என்று ஒரு வரியில் மனு கொடுத்தால், எங்கோ யாரோ வரைந்த பூங்காதான் வரும். சுற்றி நடைபாதை, நடுவில் ஒரு சறுக்கு மரம், ரெண்டு சிமெண்ட் பெஞ்சு. வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் யாருக்காக என்று கேட்காமல் கட்டியதில் ஆடுதான் மேயும். பி.டி. டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஊர் ஊராக மைதானங்களைப் பார்த்த பழக்கத்தில் சொல்கிறேன்.

முதலில் ஒரு வாரம் ஊரைச் சுற்றுங்கள். விடிகாலை, உச்சி, பொழுது சாயும் நேரம் என்று மாற்றி மாற்றிப் போய், யார் எங்கே இருக்கிறார்கள் என்று ஒரு நோட்டில் குறியுங்கள். ஆண்கள் டீக்கடையில், பையன்கள் வறண்ட கண்மாயில் கிரிக்கெட், பாட்டிகள் திண்ணையில். பன்னிரண்டு வயது தாண்டிய பெண் பிள்ளைகள்? பெரும்பாலும் நோட்டில் அந்த இடம் காலியாகவே இருக்கும். உங்கள் திட்டம் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

அப்புறம் கேளுங்கள், ஆனால் கூட்டம் போட்டு அல்ல. கூட்டத்தில் மைக் பிடிக்கிறவர்தான் பேசுவார். மகளிர் குழு கூடும் இடத்துக்கும் ரேஷன் கடை வரிசைக்கும் போங்கள். 'என்ன வேண்டும்?' என்று கேட்டால் 'நீங்களே பாத்துச் செய்யுங்க டீச்சர்' என்பார்கள். 'நேத்து வேலை முடிஞ்சு எங்க உக்காந்தீங்க?' என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு நிற்காது. பிள்ளைகளிடம், 'எட்டாவதுக்கு அப்புறம் ஏம்மா விளையாட வரல?' கழிப்பறை இல்லை, வரும் வழியில் லைட் இல்லை, பாலத்துச் சுவரில் பையன்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். பதில் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். சறுக்கு மரம் இதில் எதையும் தீர்க்காது.

இடம் பார்ப்பதில் அவசரம் கூடாது. வி.ஏ.ஓ.விடம் உள்ள ஊர் நிலக் கணக்கான அ-பதிவேட்டில், நீங்கள் பார்த்த இடத்தின் புல எண் என்ன வகை நிலம் என்று பாருங்கள். நீர்நிலைப் புறம்போக்கு, அதாவது குளம், ஓடை போன்றவற்றுக்கான அரசு நிலம் என்றிருந்தால் எவ்வளவு அகலமாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். பக்கத்தில் பெரிய மனைப்பிரிவு வந்திருந்தால், பொதுப் பயன்பாட்டுக்கு ஒதுக்க வேண்டிய 10 சதவீத நிலம் தானப் பத்திரம் மூலம் ஊராட்சிக்கு வந்திருக்கிறதா என்று விசாரியுங்கள். சபையில் வாய்விட்டுச் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு: அது எந்தத் தெருவை ஒட்டிய இடம்? ஒரு சாதியின் தெருவைத் தாண்டித்தான் போக வேண்டும் என்றால் மற்றத் தெருப் பிள்ளைகள் வரமாட்டார்கள். பள்ளிக்கூடம், நூலகம், பஸ் நிறுத்தம் என எல்லோரும் ஏற்கெனவே வந்துபோகும் இடத்தின் ஓரமே நல்லது.

இனி டேப் எடுத்து அளக்கலாம். கைப்பந்து ஆடுகளம் 18க்கு 9 மீட்டர். சுற்றிலும் 3 மீட்டர் விட்டால் 24க்கு 15, அதாவது 360 சதுர மீட்டர். பத்து சென்ட் என்பதே சுமார் 405தான். ஆண்கள் கபடிக்கு 13க்கு 10, பெண்களுக்கு 12க்கு 8. நீளவாக்கை வடக்கு தெற்காக வையுங்கள், சாயங்கால வெயில் கண்ணில் அடிக்காது. கிரிக்கெட் மைதானம் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

கிராமசபை ஆண்டுக்கு ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தீர்மானத்தில் 'பூங்கா' என்று மொட்டையாக எழுதவிடாமல், 'பெண்கள் கழிப்பறை, வழியில் இத்தனை விளக்கு, கபடி ஆடுகளம்' என்று பிரித்து எழுதச் சொல்லி, வாசித்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். பணத்துக்கு 'நமக்கு நாமே' போன்ற அரசுத் திட்டங்கள் உண்டு. அதில் மக்கள் பங்கும் கட்ட வேண்டும்.

கட்டுவதற்கு முன்பே சாவி யாரிடம் என்று முடிவு செய்யுங்கள். பூட்டியே கிடக்கும் உடற்பயிற்சிக் கூடங்களைப் பார்த்திருப்பீர்கள். அங்கே சாவி வைத்திருப்பவர் எப்போதும் வெளியூரில் இருப்பார். எதிர் வீட்டில் ஒருவர், மகளிர் குழுவில் ஒருவர் என ரெண்டு சாவி இருக்கட்டும். கரண்ட் பில் யார் கட்டுவது, கழிப்பறைத் தொட்டிக்குத் தண்ணீர் எந்தக் குழாயிலிருந்து என்பதும் அன்றே பேச வேண்டியவை. மாலை 5 முதல் 6:30 வரை ஆடுகளம் பெண் பிள்ளைகளுக்கு என்றால், அதையும் தீர்மானத்தில் சேர்த்து, பெயின்டில் சுவரில் எழுதி வையுங்கள்.