நாலடி பால்கனியில் தொட்டிச் செடிகள்

செடி வாங்கும் முன் ஒரு நாள் முழுக்க பால்கனியைக் கவனியுங்கள்: வெயில் எங்கே, எவ்வளவு நேரம் விழுகிறது? என்னுடையதில் காலையில் 3 மணி நேரம்தான். அதனால் தக்காளி ஆசையை விட்டுவிட்டு, புதினாவும் மணி பிளான்ட்டும் வைத்தேன். இரண்டும் செழிப்பாக வளர்கின்றன.

தண்ணீர் விஷயத்தில்தான் நிதானம் வேண்டும். என் முதல் ரோஜா வாடியதும் பதறிப்போய் தினமும் ஊற்றினேன், வேர் அழுகிவிட்டது. பாவம், அதற்கு மூச்சுவிடக் காற்றில்லை. இப்போது விரலை 2 அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்க்கிறேன். ஈரம் தட்டினால் ஊற்றுவதில்லை. காய்ந்திருந்தால் அடித்துளையில் வடியும்வரை ஊற்றி, தட்டில் தேங்குவதைக் கொட்டிவிடுகிறேன்.

அப்புறம், மண்ணோடு தென்னை நார்க்கழிவு கலந்தால் தொட்டியின் எடை குறையும். கைப்பிடிச் சுவர்மேல் மட்டும் தொட்டி வைக்காதீர்கள். கீழே ஆள் நடமாட்டம் இருக்கும்.