சிங்கப்பூரில் வீடு தேடுகிறீர்களா? 4 அறை என்றால் 3 படுக்கையறைதான்

ஊரிலிருந்து புதிதாக வருபவர்கள் வாடகை விளம்பரத்தில் ‘3 அறை வீடு’ என்று பார்த்ததும் மூன்று படுக்கையறை என்று கணக்குப் போட்டுவிடுவார்கள். வீவக, அதாவது அடுக்குமாடி வீடுகள் கட்டும் அரசு அமைப்பான வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (HDB) கணக்கில் வரவேற்பறையும் ஒரு அறைதான். ஆகவே 3 அறை வீடு நம்ம ஊர் 2 பி.எச்.கே., 4 அறை வீடு 3 பி.எச்.கே. 5 அறையில்தான் வேடிக்கை: பெரும்பாலும் அதிலும் படுக்கையறை மூன்றே, கூடம்தான் பெரிசு. குழந்தைகளுக்குத் தனி அறை வேண்டும் என்பதற்காக மட்டும் 5 அறைக்குக் கூடுதல் வாடகை கொடுக்காதீர்கள். வீட்டின் வரைபடத்தைக் கேட்டுப் பாருங்கள்.

வீட்டுக்குள்ளேயே படிக்கட்டு வைத்த இரண்டடுக்கு வீவக வீட்டை மெசனெட் என்பார்கள். இப்போது புதிதாகக் கட்டுவதில்லை, பழைய பேட்டைகளில்தான் கிடைக்கும். கொண்டோ என்றால் நீச்சல் குளம், காவலாளி உள்ள தனியார் அடுக்குமாடி. டெரஸ் (ஒட்டினாற்போல் கட்டிய வரிசை வீடு) போன்ற தரை வீடுகளின் விலையை விசாரிக்காமலிருப்பது மனசுக்கு நல்லது.

தள எண்ணிக்கையும் மாறும். இங்கே தரைத்தளமே 1. முகவரியில் 05-112 என்றிருந்தால் 5ஆம் தளம், 112ஆம் வீடு. நம்ம ஊர்க் கணக்கில் நாலாவது மாடி.

ஒரு அறை மட்டும் வாடகைக்கு எடுப்பவர்கள் ‘மாஸ்டர் ரூம்’ என்று போட்டிருக்கிறதா பாருங்கள். அதில்தான் குளியலறை உள்ளேயே இருக்கும். ‘காமன் ரூம்’ என்றால் காலையில் வரிசை. வீவக வீட்டில் குறைந்தது 6 மாதத்துக்கு ஒப்பந்தம் போடவேண்டும்.