வாங்கிய கறியும் மீனும் ஃபிரிட்ஜில் கெடாமல் இருக்க

ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால் கறி கெடாது என்பது தவறு. 4 டிகிரி செல்சியஸில் கிருமிகள் சாவதில்லை, மெதுவாகப் பெருகுகின்றன, அவ்வளவுதான். கோழி, கொத்துக்கறி, ஈரல், மீன் எல்லாம் ஒரு நாள், மிஞ்சினால் 2 நாள். துண்டு போட்ட ஆட்டுக்கறி 3 நாள் தாங்கும். அதற்குள் சமைக்க மாட்டோம் என்று தெரிந்தால், வாடை மாறும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே ஃப்ரீசருக்கு மாற்றிவிடுங்கள்.

காலையில் வெட்டிய, கையில் இன்னும் சூடு தெரிகிற ஆட்டுக்கறியை மட்டும் நேரே ஃப்ரீசரில் போடக் கூடாது. தசை விறைத்துத் தளர்வதற்குள் உறைந்துவிடும். பிறகு உறை விடும்போது, அதாவது ஐஸ் இளகும்போது, சுருங்கி இறுகும். குக்கரில் எத்தனை விசில் விட்டாலும் ரப்பர் போலத்தான் இருக்கும். அகலமான டப்பாவில் மெல்லிசாகப் பரப்பி, ஒரு நாள் ஃபிரிட்ஜில் வைத்த பிறகு ஃப்ரீசருக்கு மாற்றுங்கள். கடைக்காரர் கொடுத்த கேரி பேக்கோடு குவியலாக வைத்தால் நடுப்பகுதி மணிக்கணக்கில் சூடாகவே இருக்கும். கெடுவது அங்கிருந்துதான் தொடங்கும்.

கோழியைக் கழுவி வைக்காதீர்கள். தெறிக்கும் தண்ணீரில் கிருமி சிங்க் முழுக்கப் பரவும், ஈரக் கறியும் சீக்கிரம் பிசுபிசுக்கும். மஞ்சளும் உப்பும் தடவினால் கூடுதல் நாள் வரும் என்று நம்ப வேண்டாம்.

மீன் வேறு. குடலையும் செவுளையும் எடுத்து, நடுமுள்ளை ஒட்டிக் கருஞ்சிவப்பாக உறைந்திருக்கும் ரத்தத்தை விரலால் சுரண்டிக் கழுவி, துணியால் ஈரம் ஒற்றி வையுங்கள். அயிலை, சூரை, மத்தி மூன்றிலும் கூடுதல் கவனம் தேவை. இவை வெயிலில் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் உண்டாகும். சிலருக்கு முகம் சிவந்து, தடித்து, தலை வலிக்கும். மீனை எவ்வளவு கொதிக்க வைத்தாலும் ஹிஸ்டமின் போகாது. சந்தையிலிருந்து ஐஸோடு கொண்டுவாருங்கள்.

ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் ஃப்ரீசருக்குக் கீழே உள்ள சில்லர் ட்ரேதான் அதிகக் குளிர்ச்சியான இடம். ஆனால் அங்கிருந்து சொட்டும் ரத்தநீர் கீழே இருக்கும் தயிரிலும் காய்கறியிலும் விழும். அதனால் இறுக மூடும் டப்பாவில்தான் வைக்க வேண்டும். மற்ற ஃபிரிட்ஜ்களில் பச்சைக் கறிக்கு அடித்தட்டு.

ஃப்ரீசருக்கு ஒரு வேளைச் சமையல் அளவாக, அரைக் கிலோ பொட்டலங்களாகப் பிரித்து, காற்றை அழுத்தி வெளியேற்றி, தட்டையாக வையுங்கள். மெல்லிசாக இருந்தால் சீக்கிரம் உறையும், ஐஸ் படிகம் பொடியாக இருக்கும், உறை விடும்போது சாறு அதிகம் ஒழுகாது. காற்று தங்கினால் அந்த இடம் வெளிறி வறண்டுவிடும். இறாலுக்குத் தலையை நீக்கி, டப்பாவில் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றி உறைய வைப்பது நல்லது. பொட்டலத்தின் மேல் தேதி எழுதுங்கள். கொழுப்புள்ள மீனை 2 அல்லது 3 மாதத்துக்குள் தீர்த்துவிட வேண்டும், இல்லையென்றால் எண்ணெய் சிக்கு வாடை வரும்.

உறை விட முந்தைய இரவே கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். அவசரமென்றால் கட்டிய கவரோடு பச்சைத் தண்ணீரில் போட்டு, அரை மணிக்கொருமுறை தண்ணீரை மாற்றலாம். சமையல் மேடையில் வெறுமனே விட்டால் உள்ளே கல்லாக இருக்கும்போதே வெளிப்பக்கம் கெடத் தொடங்கும்.

மின்வெட்டில் கதவைத் திறக்காதீர்கள். ஃபிரிட்ஜ் 4 மணி நேரம் தாங்கும். நிறைந்த ஃப்ரீசர் சுமார் 48 மணி, பாதி நிறைந்தது 24 மணி. மின்சாரம் வந்த பிறகு பொட்டலத்தை அழுத்திப் பாருங்கள். உள்ளே ஐஸ் நறநறத்தால் மறுபடி உறைய விடலாம். மெத்தென்றாகியும் குளிர்ச்சி குறையாமல் இருந்தால் அன்றே சமையுங்கள், குளிர்ச்சியே போயிருந்தால் கொட்டிவிடுங்கள்.